கொம்புக்குக் கீழே ஒரு மான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைபவன். பனியுக விலங்குகளைப் பற்றிய தொடர் ஒன்றுக்காக இப்போது அயர்லாந்தின் ராட்சத மானை வரைந்துகொண்டிருக்கிறேன். எலும்புக்கூட்டின் அளவுகள் கிடைத்துவிட்டன. தோளுயரம் ஏறத்தாழ 2 மீட்டர், கொம்பின் விரிவு 3.5 மீட்டருக்கும் மேல். ஆனால் தோலின் நிறம் என்ன, உரோமம் எப்படி இருந்தது என்று வரும்போது கை நின்றுவிடுகிறது. இணையத்தில் உள்ள படங்களில் ஒன்று செம்பழுப்பு, இன்னொன்று சாம்பல், மற்றொன்றில் புள்ளிகள். யாரும் பார்க்காத விலங்கை வரைந்து குழந்தைகளிடம் கொடுப்பது ஒருவகைப் பொய்தானே என்று என் நண்பர் கேட்கிறார். எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு. மரபணுவைக் கொண்டு இந்த மானை மீண்டும் உருவாக்கிவிடுவார்கள் என்கிறார்களே, அதுவரை காத்திருப்பதுதான் நேர்மையா? நான் வரைந்த முதல் படத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

அழிந்துபோன விலங்கின் உடலைப் பற்றி யாருடைய சாட்சியத்தை நாம் நம்புகிறோம் என்ற கேள்வி சில காலமாகவே என்னைச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டது. அதனால்தான் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

மீண்டும் உருவாக்கும் கதையைச் செய்தித்தாள்களுக்கு விட்டுவிடுங்கள். நாளை பிறக்கப்போகும் ஒரு மானுக்காகக் காத்திருந்து இன்று வரைய வேண்டியதை வரையாமல் இருப்பதற்கு நேர்மை என்று பெயர் கிடையாது, சோம்பல் என்றுதான் பெயர். உங்கள் நண்பருடைய கேள்வியிலும் முதலிலேயே ஒரு பிழை இருக்கிறது. யாரும் பார்க்காத விலங்கு என்கிறார். பார்த்திருக்கிறார்கள். பார்த்தது மட்டுமல்ல, உங்களைப் போலவே உட்கார்ந்து வரைந்தும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் படம். கோடுகள் நன்றாக இருக்கின்றன, உங்களுக்குக் கை இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. பச்சைப் புல்வெளியில் முழுமையாக விரிந்து, மழித்ததுபோல் வழவழப்பான கொம்புகளோடு கலைமான், அதாவது ஆண்மான், நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் பிணைமான். அதன் காலடியில் பிறந்து சில நாட்களேயான குட்டி. அப்பா, அம்மா, குழந்தை. காலண்டர் படத்துக்கு இது பொருந்தும், மானுக்குப் பொருந்தாது. மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து ஆண்டுதோறும் முளைப்பது. குளிர்நாட்டு மான்கள் குட்டி போடும் கோடைத் தொடக்கத்தில் ஆணின் கொம்பு பாதி வளர்ந்த நிலையில், இரத்தம் ஓடும் தோலும் மென்மயிரும் போர்த்தி, முனை மழுங்கி, தொட்டால் சூடாக இருக்கும். அந்தத் தோலை மரத்தில் உரசி உரித்துக் கொம்பை வெளுப்பாக்குவது அதற்குப் பல வாரங்கள் கழித்து, இணைசேரும் பருவம் நெருங்கும்போது. ஆகவே வழவழப்பான கொம்பும் பிறந்த குட்டியும் ஒரே சட்டகத்தில் வர வழியே இல்லை. மேலும் அந்தப் பருவத்தில் கலைமான்கள் பிணைகளோடு சேர்ந்து குடும்பம் நடத்துவதும் இல்லை. டப்ளினுக்கு அருகிலுள்ள பாலிபெட்டா சதுப்பில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ஆந்தனி பார்னோஸ்கி, 1985இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கே இறந்தவை பெரும்பாலும் ஆண்கள், இறந்தது குளிர்காலத்தில் என்று காட்டினார். ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரிந்தன என்பதற்கு அது நல்ல சான்று. இதையெல்லாம் தெரிந்துகொள்ள மரபணு தேவையில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மானை ஓராண்டு கவனித்தவருடன் அரை மணி நேரம் பேசினால் போதும்.

ஆனால் இந்தப் பிழை உங்களுடையது மட்டுமல்ல. இந்த மானை நாம் முந்நூறு ஆண்டுகளாகக் கொம்பிலிருந்து தொடங்கியே பார்த்துவருகிறோம். அயர்லாந்தில் எரிபொருளுக்காகச் சதுப்புக் கரியை வெட்டியவர்கள் அடியில் உள்ள பழைய ஏரிக் களிமண்ணில் இந்தக் கொம்புகளைக் கண்டெடுத்தார்கள்; அவை நிலப்பிரபுக்களின் மாளிகைகளில் கதவுக்கு மேல் ஏறின. டப்ளின் மருத்துவரான தாமஸ் மாலினியூ 1697இல் முதன்முதலாக இதை விவரித்து எழுதியபோது, இறைவன் படைத்த இனம் எதுவும் அடியோடு அழியாது என்ற நம்பிக்கையில், இது அமெரிக்காவில் இன்றும் வாழும் மூஸ் மான்தான் என்று முடிவு கட்டினார். இது எந்த உயிருள்ள மானும் இல்லை, அழிந்துபோன தனி இனம் என்பதைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே நிலைநாட்ட 1812 வரை ஆயிற்று. அதன்பிறகும் பேச்சு கொம்பைப் பற்றியே ஓடியது. கொம்பு அளவுமீறி வளர்ந்ததால்தான் இனமே அழிந்தது என்ற கதை பள்ளிப் புத்தகங்கள் வரை வந்தது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஜே கோல்ட் 1974இல் கொம்புகளையும் மண்டையோடுகளையும் வரிசையாக அளந்து, உடல் பெரிதானால் மான் குடும்பத்தில் கொம்பு அதைவிட வேகமாகப் பெரிதாகும், இது அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது என்று காட்டிய பிறகும் அந்தக் கதை முழுதாகச் சாகவில்லை. லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் 1854இல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி அழிந்த விலங்குகளின் முழு உருவச் சிலைகளை நிறுவினார். அங்கேயுள்ள ராட்சத மான்களுக்கு முதலில் அவர் பொருத்தியது நிஜமான புதைபடிவக் கொம்புகளை. சிலையான உடல், உண்மையான கொம்பு. உடல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கொம்பு மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்ற மனநிலைக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

டப்ளினில் மெரியன் தெருவில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். நுழைந்ததும் எதிரே இரண்டு கலைமான்களின் எலும்புக்கூடுகள், சதுப்பில் கிடந்து கரும்பழுப்பாகிய எலும்புகளோடு நின்றன. வந்தவர்கள் எல்லோரும் கொம்பு முழுதாகப் படத்தில் அடங்கும்வரை பின்னால் நகர்ந்துகொண்டே போனார்கள். அருகிலேயே கொம்பில்லாத ஒரு பிணைமானும் நின்றது. நான் நின்றிருந்த நேரம் முழுவதும் அதன்முன் ஒருவரும் நிற்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் தன் தாயிடம் இது குதிரையா என்று கேட்டாள். தாய் பலகையைப் படிக்காமலே ஆமாம் என்று சொல்லி அழைத்துப்போனாள். ஆனால் அந்தப் பிணையின் பக்கத்தில் நின்றால்தான் கண் கொம்பிலிருந்து விடுபட்டு முதுகுக்கு வருகிறது. தோளுக்கு மேல் முதுகெலும்பிலிருந்து தட்டையான முள்ளெலும்புகள் அடுத்தடுத்து எழுந்து, நடுவில் உச்சம் தொட்டு, பின்னால் சரிகின்றன. பெரிய கலைகளில் அவை ஏறத்தாழ ஓரடி நீளம்கூட இருக்கும்.

இங்கேதான் நான் பிடிவாதமாக நிற்க விரும்புகிறேன். உங்கள் படத்தில் அந்த இடம் குதிரையின் முதுகுபோல் நேராக ஓடுகிறது. அந்த முள்ளெலும்புகளின்மீது இருந்தது என்ன? எலும்பு மட்டும் கையில் இருந்தால் பதில் சொல்ல முடியாது. குதிரைக்கும் தோள்மேட்டில் நீண்ட முள்ளெலும்புகள் உண்டு, திமில் இல்லை. காட்டெருமையினத்துப் பைசனுக்கும் உண்டு. அங்கே பெரிய திமில் இருக்கிறது. நம் நாட்டுக் காளைக்கோ திமிலுக்குள் எலும்பே கிடையாது, முழுக்கத் தசையும் கொழுப்பும்தான். நான் வளர்ந்த வீட்டில் ஒரு காங்கேயம் காளை இருந்தது. கன்றாக இருந்தபோது செம்மண் நிறம். சில மாதங்களில் சாம்பலாக வெளுத்தது. பருவம் வந்ததும் கழுத்தும் தோளும் திமிலும் மட்டும் மை தடவியதுபோல் கருத்துக்கொண்டே வந்தன. அதே தொழுவத்தில் நின்ற காயடித்த எருதுக்கு அந்தக் கருமை வரவேயில்லை. காளை தலையைத் திருப்பும்போது அந்தத் திமில் ஒரு கணம் தாமதித்து அசையும். சிறுவயதில் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். மேலே சில்லென்றும் அடியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்தக் காளையை மண்ணில் புதைத்துப் பத்தாயிரம் ஆண்டுகள் கழித்து, மாட்டையே பார்த்திராத ஓர் ஓவியரிடம் எலும்புகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? மிகத் திருத்தமாக, ஒவ்வோர் அளவும் சரியாக, திமில் இல்லாத ஒரு வெள்ளை மாட்டை வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்துவிட்டு, ஆதாரத்தைத் தாண்டி ஒரு கோடுகூட இழுக்காத நேர்மையாளர் என்று உங்கள் நண்பர் பாராட்டுவார். எலும்பு சொல்லாததை வரைய மறுப்பதும் பொய்தான், ர.; அது கையைக் கழுவிக்கொள்ளும் பொய்.

இந்த மானின் விஷயத்தில் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அதைப் பார்த்தவர்கள் திமிலை வரைந்துவைத்ததுதான். பிரான்சின் லோட் பகுதியிலுள்ள கூன்யாக் குகை 1952இலும், அர்தேஷ் பகுதியிலுள்ள ஷோவே குகை 1994இலும் கண்டுபிடிக்கப்பட்டன. ஷோவேயின் ஓவியங்களில் பழையவை 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. இந்தக் குகைகளில் உள்ள ராட்சத மான்களின் தோளுக்கு மேல் திமில் ஒரு சிறு குன்றுபோல் தனியாக எழுகிறது. அது கருமையாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு கோடு தோளைக் கடந்து சாய்வாக இறங்குகிறது. இவ்வளவு பெரிய கொம்புடைய விலங்கை வரைந்தவர்கள், பல இடங்களில் கொம்பையே வரையவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை பிணைமான்களா, கொம்பு உதிர்த்த கலைகளா என்ற விவாதம் இருக்கிறது. பெரும்பாலும் பிணைகள் என்றே கொள்கிறார்கள். எப்படியானாலும், கொம்பில்லாத உடலைப் பார்த்தவுடனேயே இது இன்ன மான் என்று அவர்களால் சொல்ல முடிந்திருக்கிறது. திமிலும் அந்தக் கறுப்புக் கோடுமே அவர்களுக்கு அடையாளமாக இருந்திருக்கின்றன. பிணைக்கும் திமில் உண்டு என்றால், அது கொம்பின் பாரத்தைத் தாங்குவதற்காக மட்டும் வந்ததல்ல என்றும் ஆகிறது. எலும்பாய்வு ஒரு பக்கம் கேள்வியை எழுப்ப, மறுபக்கம் காவிக் கல்லும் கரித்துண்டும் பிடித்த ஒரு கை பதிலை எழுதிவைத்திருக்கிறது. உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர், உங்களுக்கு முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. இதை அறிவியலாளர்கள் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓவியரான நீங்களோ இணையப் படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நமக்கு நன்கு தெரிந்த எலும்புகள் பெரும்பாலும் அயர்லாந்தைச் சேர்ந்தவை, அவை ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவற்றின் எலும்புகள். ஓவியங்கள் தெற்குப் பிரான்சைச் சேர்ந்தவை, அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. அயர்லாந்திலிருந்து சைபீரியாவின் பைக்கால் ஏரி வரை பரவியிருந்த ஓர் இனம் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே நிறத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. மேற்கு சைபீரியாவில் இது 7,700 ஆண்டுகளுக்கு முன்புவரைகூடத் தாக்குப்பிடித்திருக்கிறது. அந்த மான்களை யாரேனும் வரைந்தார்களா என்பது வேறு கதை. ஆகவே படத்தின் கீழே எந்த ஊர், எந்தப் பருவம் என்று ஒரு வரி எழுதுங்கள். குழந்தைகள் அதைப் படிப்பார்கள். பெரியவர்கள்தான் பலகையைப் படிக்காமல் ஆமாம் என்பார்கள்.

நிறத்தைக் கேட்டீர்கள் அல்லவா? தொல்லுயிரியலாளர் ஏட்ரியன் லிஸ்டரும் அவருடைய சகாக்களும் 2005இல் மரபணுவைக் கொண்டு, இன்று உயிரோடு இருப்பவற்றில் இதற்கு மிக நெருங்கிய உறவு ஃபாலோ மான் என்று காட்டினார்கள். செம்மானும் அல்ல, மூஸும் அல்ல. பழைய படங்களின் செம்பழுப்பு நிறம் செம்மானிடமிருந்து கடன் வாங்கியது, அதை விட்டுவிடுங்கள். ஃபாலோ மானின் கோடைப் புள்ளிகளை அப்படியே தூக்கி வைக்கவும் வேண்டாம், குகைக்காரர்கள் புள்ளி வைக்கவில்லை. ஆனால் கலையின் தொண்டையில் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டை நீங்கள் ஃபாலோவிடமிருந்து துணிந்து எடுத்துக்கொள்ளலாம். இணைசேரும் பருவத்தில் கழுத்தும் தடித்துவிடும். உடல் வெளிறியது, திமில் கருமை, அதிலிருந்து இறங்கும் கோடு: இவ்வளவுக்குச் சான்று இருக்கிறது. மீதியை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

குட்டியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு இலையுதிர்காலமாக மாற்றுங்கள். அல்லது குட்டி இருக்கட்டும், கலையை வெளியே அனுப்புங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிணையும் குட்டியும் மட்டும், தோளுக்கு மேல் அந்தத் திமிலோடு. கொம்பில்லாத ராட்சத மானை அட்டையில் போட இதழாசிரியர் சம்மதிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சண்டை போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் உள்பக்கத்துக்காவது வாங்குங்கள். வரைந்து முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.