சென்னை–மதுரை: விமானமா, காரா? வாசகர் கேள்விகள்

தூரம் ஒரு இணையதளத்தில் 416 கி.மீ., இன்னொன்றில் 460 கி.மீ. என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான். சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 416. சாலை விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர் என்று சுற்றிப் போவதால் 460 ஆகிறது. எங்காவது 225 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

விமானம் 1 மணி 20 நிமிடம், கார் 8 மணி நேரம். அப்படியென்றால் ஆறரை மணி நேரம் மிச்சம்தானே?

இல்லை, அதில் பாதிதான் மிச்சமாகும். வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போடுங்கள். அண்ணா நகரிலிருந்து விமான நிலையம் போக 1 மணி நேரம். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், வரிசையையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். பறக்க 1 மணி 20 நிமிடம், பெட்டி வந்து சேர 20 நிமிடம், அங்கிருந்து மதுரையின் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் போக 40 நிமிடம். மொத்தம் 4 மணி 50 நிமிடம். கைப்பை மட்டும் (7 கிலோவுக்குள்) எடுத்துக்கொண்டு, செக்-இன்னை வீட்டிலேயே முடித்துவிட்டால் இதில் முக்கால் மணி நேரம் குறையும்.

போகும் ஊரையும் பாருங்கள். மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அருப்புக்கோட்டை, விருதுநகர் போகிறவர்களுக்கு விமானம் நல்ல லாபம். மேலூர், கொட்டாம்பட்டிக்காரர்களின் ஊர் காரில் வந்தால் மதுரைக்கு முன்பே வந்துவிடும். விமானத்தில் போனால் நகரத்தைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். குடும்பமாக நாலு பேர் என்றால் அவர்களுக்குக் காரையே சொல்வேன்.

காரில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

விடியற்காலை 5 மணிக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள். இந்தப் பயணத்தைக் கெடுப்பது பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரையிலான முதல் 30 கி.மீ.தான். அதிகாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் கடக்கும் அந்தத் தூரம், வெள்ளிக்கிழமை மாலையில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும். திரும்பும்போது ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் இதே கதை.

அதன் பிறகு நான்கு வழிச்சாலைதான். ஆனாலும் சராசரி வேகத்தை 60–65 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேப் காட்டும் நேரத்தில் உங்கள் சாப்பாடும் டீயும் சேராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவே சாலை நேராக நீள்வதால் கண் சொக்கும், கவனம். ஃபாஸ்டேகில் முந்தைய நாளே பணம் போட்டுவிடுங்கள். இருப்பு தீர்ந்து முடங்கிய டேகோடு போய் ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு கட்டணம்.

பேருந்தில்?

2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன. டிக்கெட்டில் உள்ள நேரத்தோடு, நகரத்துக்குள்ளிருந்து கிளாம்பாக்கம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் (புரொப்பல்லர் வைத்த சிறிய விமானம்) மெதுவாமே, தவிர்க்கலாமா?

தேவையில்லை. ஜெட் 800 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும், ஏடிஆர் 500 அளவில். ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட்டின் நேரம் பெரும்பாலும் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுகிறது. வித்தியாசம் கால் மணி நேரம் போலத்தான்.