ரேடியோஹெட்: 'கிட் ஏ'யில் கிற்றார் எங்கே போனது?

இங்கிலாந்து ராக் குழுவான ரேடியோஹெட்டில் ஆட்கள் மாறவில்லை. 1997இல் 'ஓகே கொம்பியூட்டர்' செய்த அதே ஐந்து பேர்தான் 2000இல் 'கிட் ஏ'யையும் செய்தார்கள். அவர்களின் அல்பங்களை வரிசையாகக் கேட்டு வந்து, கிற்றார் குறைந்துபோன 'கிட் ஏ'யோடு நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கனபேர் நிற்கிற இடம் இதுதான்.

பெரும்பாலும் காரணம் இடையில் வந்த நீண்ட சுற்றுப்பயணம். பாடகர் தொம் யோர்க் அதில் களைத்துப்போனார், ராக் இசையிலேயே பிடிப்பு விட்டது, எலெக்ட்ரோனிக் இசைப் பக்கம் திரும்பினார். கிற்றார் வாசிக்கும் ஜொனி கிரீன்வுட் ஒந்த் மார்த்தெனோ என்ற பழைய பிரெஞ்சு மின்வாத்தியத்தைக் கையில் எடுத்தார். எனக்கு அந்த அல்பத்தின் உயிரே அந்த நடுங்கும் ஒலிதான்.

ஒன்று செய்து பாருங்கோ. 2001இல் வந்த 'அம்னீசியாக்' அல்பத்தில் 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்' பாட்டைக் கேளுங்கள். பின்னோக்கி ஓடும் ஒலிகள், மெட்டே பிடிபடாது. உடனே அதே ஆண்டு வந்த, மேடையில் வாசித்ததைப் பதிந்த நேரடி அல்பமான 'ஐ மைட் பீ ரோங்'கில் அதையே கேளுங்கள். பியானோவில் எவ்வளவு அழகான மெட்டு! அது முதலிலிருந்தே உள்ளே இருந்தது. அப்புறம் 'கிட் ஏ'க்குத் திரும்புங்கள். கொடிகாமம் பஸ் இரைச்சலில் வேண்டாம், இரவில் இயர்போனோடு.

ஆனால் அந்த நேரடி அல்பத்தில் எட்டுப் பாட்டுகள்தான், 'ஓகே கொம்பியூட்டர்' பாட்டு ஒன்றும் இல்லை. கிற்றாரே வேண்டுமென்றால் நேராக 2007இன் 'இன் ரெயின்போஸ்'க்குப் போங்கள்.