குப்பி மீன் குட்டி போட்டும் ஒன்றுகூடத் தங்கவில்லை, செடி வைத்தால் சரியாகுமா?

கேள்வி இது: இரண்டடித் தொட்டியில் எட்டு குப்பி இருக்கின்றன. மாதம் ஒருமுறை குட்டி போடுகின்றன, இரண்டே நாளில் எல்லாம் காணாமல் போகின்றன. எப்படியோ தப்பி வளர்ந்த நாலைந்தும் தாய் தகப்பன் நிறத்தில் இல்லாமல் சாம்பலாக இருக்கின்றன. தொட்டியில் செடி வைத்தால் இரண்டும் சரியாகுமா?

குட்டி தங்குவது செடியாலேயே சரியாகிவிடும். நிறம் தங்குவது தனிக் கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் கொளத்தூருக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் வண்ண மீன் வாங்க நான் அலைய வேண்டியதே இல்லை. பன்னிரண்டு வருடமாக குப்பி, பிளாட்டி, மோலி என்று குட்டி போடும் மீன்கள் மூன்றும் வளர்க்கிறேன். தொடங்கியபோது எனக்கும் உங்கள் பிரச்சினைதான். கடையில் கேட்டேன், ப்ரீடிங் பாக்ஸ் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார்கள். சினை மீனை அதில் விட்டால் குட்டி மட்டும் கீழ்த்தட்டில் இறங்கிவிடும் என்றார்கள். நான் விட்ட பெண் மீன் இரவெல்லாம் பெட்டிச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் முட்டைக்கரு ஒட்டியபடி நாலைந்து குறைக்குட்டிகள், அதற்கு மறுநாள் தாயும் செத்து மிதந்தது. இப்படி மூன்று நல்ல பெண் மீன்களை இழந்தேன். பிரசவ நேரத்தில் ஒரு குப்பியைக் கையளவு இடத்தில் அடைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கொடுமை என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

வழி தெரிந்தது தற்செயலாகத்தான். மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி நிறைய ஹார்ன்வொர்ட் என்ற மிதக்கும் நீர்ச்செடியைப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுத் தொட்டியில் இடம் போதாமல் இரண்டு பெண் மீன்களை அங்கே விட்டுவிட்டு, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து செடியை ஒரு கொத்துத் தூக்கிப் பார்த்தால், அதற்குள்ளிருந்து சிதறின குட்டிகள். எண்ணியபோது பத்தொன்பது. நான் தீனி எதுவும் போடவில்லை. தாய்கள் இரண்டும் அதே தொட்டியில்தான் இருந்தன.

காரணம் யோசித்தால் புரியும். குப்பிக்குத் தன் குட்டி, அடுத்தவர் குட்டி என்ற பேதமில்லை. வாய்க்குள் போகிற அளவில் அசைந்தால் தீனி. பிறந்த குட்டி ஏழெட்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். தப்பிப்பதற்கு அது மேல்மட்டத்தைத்தான் தேடிப் போகிறது. நம்மில் பலர் தொட்டியின் அடியில் அழகாகச் செடி நட்டுவிட்டு, மேலே வெட்டவெளியாக விட்டுவிடுகிறோம். குட்டிக்கு வேண்டியது மிதக்கும் புதர். ஹார்ன்வொர்ட், குப்பி கிராஸ், மிதக்க விட்ட வாட்டர் ஸ்ப்ரைட், இவற்றில் ஏதாவது ஒன்று மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடியிருந்தால் போதும். அடியில் விழும் குட்டிக்குப் பாசி போலப் படரும் ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி. செடி ஒளிவிடம் மட்டுமில்லை. இலைமேல் படியும் வழுவழுப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன, குட்டி நாளெல்லாம் கொத்திக்கொண்டிருப்பது அதைத்தான். மாடியில் என் குட்டிகள் பிழைத்தது அப்படித்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் வேகமாக வளரும் செடி நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது.

உங்கள் தொட்டி ஒன்றரை அடி தண்ணீர் நிற்கிற வகையோ ஒரு அடியோ, இந்தச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டாம், விலை உயர்ந்த மண்ணும் வேண்டாம். சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு தினமும் ஆறேழு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும். அழகுக்காக அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வைப்பதானால் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள். கிழங்கு போலத் தடித்திருக்கும் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் காற்று மோட்டாரை ராத்திரி நிறுத்தக் கூடாது. மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போகும்போது இது இன்னும் முக்கியம். ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். மற்றவை குட்டியை உறிஞ்சிவிடும்.

செடி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒருமுறை புதுச் செடியை அப்படியே குட்டித் தொட்டியில் போட்டேன். முப்பதுக்கு மேல் இருந்த குட்டிகள் தினமும் இரண்டு மூன்றாகக் குறைந்தன, செத்த உடலும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு தட்டான் இளம்புழு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழ்த்தாடை கை நீட்டுவது போல வெளியே பாய்ந்து ஒரு குட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்தச் செடியும் ஒரு வாரமாவது வெள்ளை வாளியில் கிடந்த பிறகுதான் தொட்டிக்குள் போகிறது. தினமும் செடியை உதறி, வாளியின் அடியைப் பார்த்துவிடுவேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கு அதிர்ஷ்டம் உண்டு. குப்பி, பிளாட்டி, மோலி மூன்றுமே தாது உப்புகள் கூடிய கடினத் தண்ணீரை விரும்புபவை. பிஎச் 7-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் நல்லது. குடிக்க முடியாத போர்த் தண்ணீர்தான் எங்கள் வீட்டு மோலிகளுக்குப் பிடித்தமானது. மீனுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்கிறோம் என்று ஆர்ஓ தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். உப்புச்சத்து இல்லாத தண்ணீரில் மோலி நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பிக்கும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். புதுத் தொட்டி என்றால் நன்மை செய்யும் பாக்டீரியா நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குள் நிறைய மீன் விடாதீர்கள்.

அப்புறம் பிரசவம். வாலுக்கு முன்னால், வயிற்றின் பின்பக்கம் ஒரு கரும்புள்ளி தெரியும். நாளாக ஆக அது பெரிதாகும், வயிறு பக்கத்திலிருந்து பார்த்தால் உருண்டை மாறிச் சதுரமாகத் தெரியும். குப்பிக்கு ஒரு சினை சுமார் நான்கு வாரம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதற்கும் குறைவு. என் தொட்டியில் பெரும்பாலும் விடியற்காலையில்தான் போடுகின்றன. ஒருநாள் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். தாய் செடி ஓரமாக ஒதுங்கி நிற்கிறது, உடம்பு ஒருமுறை அதிர்கிறது, ஒரு சின்ன உருண்டை விழுகிறது. விழும்போது தலையும் வாலும் ஒட்டியபடி சுருண்டுதான் இருக்கும். அடியில் தொட்டதும் விரிந்து, ஒரு கணம் அசையாமல் கிடந்து, அப்புறம் விடுவிடுவென்று நேராக மேலே ஏறி ஹார்ன்வொர்ட்டுக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு கண்ணும் ஒரு கோடும்தான் மொத்த மீனே. அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. முதல் பிரசவத்தில் ஐந்தாறு குட்டிதான் இருக்கும், வளர்ந்த மீன் முப்பது, ஐம்பதுகூடப் போடும்.

குட்டிக்குப் பெரிய மீன் தீனியையே விரலிடுக்கில் மாவாகத் தேய்த்துத் தூவலாம். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் துளி. முட்டை மஞ்சள்கரு போடச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிஞ்சினாலும் தண்ணீர் நாறிவிடும். முடிந்தால் ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைப் பொரித்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பு, காற்றுக் குழாய், கால் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை, ஒரு நாள் ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொரிந்துவிடும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஆர்டீமியா தின்ற குட்டிக்கும் வெறும் பொடி தின்ற குட்டிக்கும் ஒரே மாதத்தில் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் இந்தப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பெண் குப்பி ஒருமுறை கூடினால் ஆணின் விந்தணுவை உடலிலேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஆணே இல்லாமலும் பல முறை குட்டி போடும். கடைத் தொட்டியில் பத்து ரகம் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்திருக்கும். நீங்கள் ஒரே ரகத்தில் ஆணையும் பெண்ணையும் ஜோடியாகத்தான் வாங்கியிருப்பீர்கள். ஆனால் பெண் வயிற்றில் இருப்பது யார் குட்டி என்று கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் சாம்பல் குட்டிகளுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ரகங்கள் கலக்கக் கலக்க, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிகிற ஒடுங்கு பண்புகள் மறைந்து காட்டு மீனின் சாம்பல் நிறம் மேலே வந்துவிடும். கருநிறமி இல்லாத அல்பினோ இதற்குத் தெளிவான உதாரணம். கலப்பில்லாத சாம்பல் குப்பியோடு அல்பினோவைச் சேர்த்தால் குட்டி அத்தனையும் சாம்பல்தான். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால்தான் நாலில் ஒன்று என்ற கணக்கில் அல்பினோ திரும்பி வரும்.

ஆணின் வண்ணத்தில் பெரும்பங்கு தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. டென்மார்க் விஞ்ஞானி யோஹான்னஸ் ஷ்மிட் 1920-இல் இதை குப்பியை வைத்துத்தான் காட்டினார், அவருக்குப் பின் ஓய்விண்ட் விங்கெ அதை ஒய் குரோமோசோமோடு தொடர்புபடுத்தி விரிவாக ஆராய்ந்தார். எண்ட்லர் குப்பி என்று கடையில் விற்கும் சிறிய மீனின் அறிவியல் பெயர் பொசிலியா விங்கெய், அந்த விங்கெயின் பெயர்தான். கடைப்பெயரில் இருக்கும் ஜான் எண்ட்லர் டிரினிடாட் ஓடைகளில் வேலை செய்தவர். பெரிய வேட்டை மீன் இருக்கும் ஓடையில் ஆண் குப்பிகள் மங்கலாகவும், அது இல்லாத ஓடையில் பளிச்சென்றும் இருப்பதைக் கவனித்து, சோதனை செய்து 1980-இல் வெளியிட்டார். வேட்டை மீன் இல்லாத இடத்தில் சில தலைமுறைகளுக்குள்ளேயே ஆண்களின் நிறம் கூடிவிட்டது. ஓடையில் வேட்டை மீனும் பெண் மீனும் செய்த தேர்வை நம் தொட்டியில் நாம்தான் செய்தாக வேண்டும்.

செய்வது இப்படி. குட்டிக்கு மூன்று வாரம் ஆனதும் தினமும் அடித்துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறி போல விரிந்தே இருக்கும். ஆணுக்கு ஒடுங்கிக் குச்சி போலாகும். குச்சியாகத் தொடங்கியவுடனே அந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தங்கைகள் எல்லாம் சினையாகிவிடும். மூன்று நாலு மாதம் வளர விட்டு, ஆண்களில் வால் விரிவாகவும் நிறம் திட்டில்லாமலும் முதுகு நேராகவும் இருக்கிற இரண்டை மட்டும் எடுத்து, ஆணே பார்க்காத நாலைந்து பெண்களோடு விடுங்கள். பெண்ணையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். வாலில் அந்த ரகத்தின் சாயல் தெரிகிற, உடல் பருத்த பெண்ணாக எடுங்கள். ஒரு தொட்டியில் ஒரு ரகம் மட்டும். நாலைந்து தலைமுறைக்கு ஒருமுறை அதே ரகத்தில் வேறு இடத்திலிருந்து ஒரு ஆணைக் கொண்டுவந்தால் குட்டிகள் சிறுத்துப் போகாது. தீனியையும் மறக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டை குப்பியால் தானே தயாரிக்க முடியாது, தின்னும் பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. வாரம் இரண்டு நாள் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி கொடுங்கள். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை முன்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் விட்டு வையுங்கள்.

புது மீனை மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். கழிவு வரும் வழியில் சிவப்பு நூல் போல எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் அது குடலில் வாழும் ஒட்டுண்ணியான கமல்லானஸ் புழு, செடித் தொட்டிக்குள் வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

உங்களிடம் இருக்கும் எட்டில் ஆண் எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டுக்கு மேல் இருந்தால் மீதியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், துரத்தித் துரத்தியே பெண்களை இளைக்க வைத்துவிடும். கூடுதலாகச் சேரும் மீனை ஏரியிலோ குளத்திலோ விட வேண்டாம், நாட்டு மீன்களுக்கு அது கெடுதல். தெருவில் மீன் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூடவே ஒரு கொத்து ஹார்ன்வொர்ட்டும் கொடுத்தனுப்புங்கள்.