மேடும் மூன்றாவது கம்பமும்

அக்கா, எனக்கு 46 வயது. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாகக் கணவர்தான் எங்கும் அழைத்துப்போனார். சர்க்கரை நோயால் அவருடைய பார்வை மங்கிவிட்டது. இப்போது நான் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். சாலைத் தேர்வில் தேறிவிட்டேன். மேட்டில் நிறுத்தி ஏறும் தேர்வில்தான் இரண்டு முறை கார் பின்னால் உருண்டுவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காரிலேயே பழக்கிவிடுவதாகக் கணவர் சொல்கிறார். மகள், 'கிளட்ச் இல்லாத ஆட்டோ காருக்கு மாறிவிடுங்கள்' என்கிறாள். என்ன செய்யட்டும்?
– வாசகி, செந்தூல்

தங்கச்சி, சாலையில் 20க்கு 16 எடுத்தால்தான் தேர்ச்சி. பக்கத்தில் ஜே.பி.ஜே. (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி உட்கார்ந்திருக்க, லாரிகளுக்கும் மோட்டார்களுக்கும் நடுவில் அதை வாங்கிவிட்டீர்கள். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும். மிச்சம் இருப்பது அந்த மேடும் உங்கள் இடது காலும்.

கணவரின் யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். எல் லைசென்ஸை (பழகுநர் உரிமத்தை) வைத்துக்கொண்டு, பயிற்றுநர் உடனிருக்க, பள்ளியின் காரில்தான் ஓட்டலாம். அதுவும் பார்வை மங்கியவர் பக்கத்தில் அமர்ந்து பழக்குவதா? அவரைக் கோப்பி போடச் சொல்லுங்கள்.

ஆனால், வாசலில் நிற்கும் காரில் இன்ஜினைப் போடாமல் வெறுமனே உட்காரலாமே. கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டிருந்தால் இருக்கையை முன்னால் தள்ளுங்கள். போதவில்லையென்றால் முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள். நீட்டிய காலால் கிளட்சை மெல்ல விடவே முடியாது. வில்லிலிருந்து அம்பு கிளம்புவதுபோல் அது எகிறிவிடும். நான் இருபத்து நான்கு வருடங்கள் பழக்கியதில், மேட்டில் தோற்ற பெண்களில் பாதிப் பேருக்கு இந்த இருக்கைதான் எதிரி.

ரவிக்கையின் கழுத்து வளைவில் தைக்கும்போது மெஷின் பெடலை எப்படி மிதிப்பீர்கள்? ஒவ்வொரு தையலாக, துணி திரும்பத் திரும்ப, கால் தன்பாட்டில் அடக்கிக்கொள்ளும். அந்த நிதானம் உங்கள் வலது காலில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இடது காலுக்குக் கற்றுக்கொடுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை நூலளவு நூலளவாக விடுங்கள். தினமும் ஐம்பது முறை.

தேர்வன்று மஞ்சள் கோட்டுக்குள் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகு ஒரு மூச்சு விடுங்கள். கார் ஓடிவிடாது. முதல் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு வாருங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும். பானெட்டின் முனை இலேசாகத் தூக்கிக்கொடுக்கும். அதுதான் அரைக் கிளட்ச். காலை அங்கேயே ஆணியடித்தாற்போல் வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கார் பின்னால் போகாமல் நிற்கும். ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஏறும். உருள்கிறவர்கள் எல்லோரும் சத்தம் மாறுவதற்கு முன்பே ஹேண்ட் பிரேக்கை இறக்கியவர்கள்தான்.

தேர்வில் உங்களுக்கு வேறு கார் கிடைக்கலாம். ஒவ்வொரு காரின் கிளட்சும் ஒவ்வொரு உயரத்தில் பிடிக்கும். அதனால் புறப்படும் இடத்தில், சமதளத்திலேயே, அது எங்கே பிடிக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துவிடுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண், துப்பட்டாவையும் சேர்த்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் பொம்மைபோல் நேரே பார்த்தபடி மேட்டைத் தாண்டினாள். தேறியும்விட்டாள். நீங்கள் அந்தச் சாகசத்தில் இறங்க வேண்டாம்.

ஆட்டோ விஷயம்: ஆட்டோ காருக்கு மட்டுமான டி.ஏ. லைசென்ஸில் கியர் காரை ஓட்ட முடியாது. உங்கள் வீட்டில் கியர் கார் என்றால் மாறுவதில் என்ன பயன்? கியர் காருக்கான டி லைசென்ஸ் எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டீச்சர், எனக்கு 17 வயது. பக்கவாட்டுப் பார்க்கிங்கில் எந்தக் கம்பம் எந்தக் கண்ணாடியில் தெரிந்தால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பயிற்சியில் அச்சுப் பிசகாமல் வருகிறது. பள்ளி வைத்த முன்தேர்வில் மட்டும் கம்பத்தில் இடித்துவிட்டேன். ஏன்?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

தம்பி, உங்களுக்கு முன்னால் அந்தக் காரில் ஏறியவர் உயரமானவராக இருந்திருப்பார். அவர் பின்னால் தள்ளிய இருக்கையிலேயே நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள். இருக்கை ஒரு பல் நகர்ந்தால், உங்கள் கண்ணுக்கு மூன்றாவது கம்பமும் நகர்ந்துவிடும். சூத்திரம் பொய்த்துப்போகும்.

'மூன்றாவது கம்பம் தெரிந்ததும் முழுக்கச் சுற்று' என்று நானும்தான் பழக்கினேன். மறைப்பானேன்? குறைந்த மணி நேரத்தில் தேற வைக்க வேறு குறுக்குவழி இல்லை. ஆனால், கடைத்தெருவில் கார் நிறுத்தும்போது மூன்றாவது கம்பத்தை யார் நட்டு வைத்திருப்பார்கள்? அதனால் கம்பத்தைப் பார்க்கும் அதே நேரத்தில், பின் சக்கரம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பழகுங்கள்.

ஆர்.எஸ்.எம். என்று இருக்கை, கண்ணாடி, பெல்ட் வரிசையை மந்திரம்போல் ஒப்பிக்கிறீர்களே, அது அதிகாரியின் காதுக்காக வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே இருக்கையை நகர்த்துங்கள். கண்ணாடிகளையும் உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளுங்கள்.

சாலையில் கண்ணை மட்டும் உருட்டாதீர்கள். தலை திரும்பினால்தான் நீங்கள் கண்ணாடியைப் பார்த்தது அதிகாரிக்குத் தெரியும். கிளம்பும்போது வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை வேண்டும். நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும்; பக்கத்தில் வண்டியே இல்லையென்றாலும். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னால், பட்டறையில் 'மிஞ்யாக் ஹித்தாம்' என்பதுதான் இன்ஜின் எண்ணெய் என்பதை மறந்துவிட வேண்டாம். அளவுகோலைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு குறிகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். துடைக்காமல் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

கோப்பி ஓ லைசென்ஸ், அதாவது லஞ்சம் கொடுத்து எடுக்கும் லைசென்ஸ், வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். தேர்வுக்கே போக வேண்டாமாம். நம்பலாமா?
– வாசகர், கெப்போங்

கூடாது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். முகவர் காணாமல் போய்விடுவார். உங்கள் அடையாள அட்டை எண்ணோ அவரிடமே இருக்கும்.

அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார்கள். முறை எப்போது வரும்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பத்து மணிக்கும் வரலாம், மதியம் ஒன்றரைக்கும் வரலாம். அடையாள அட்டையையும் எல் லைசென்ஸையும் முதல் நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள். பாதத்தை மூடிய, அடி மெலிந்த சப்பாத்து போடுங்கள். தடித்த அடி இருந்தால் கிளட்ச் காலுக்குத் தெரியாது. பாதிப் பொட்டலம் நாசி லெமாக் போதும், சம்பலைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். காத்திருக்கும் கொட்டகையில் மேட்டுக்கு முதுகு காட்டும் பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள்.