அது மண்டேலா சொன்னதல்ல

கொழும்பு வெள்ளவத்தையில் மகளின் மூன்று நிமிடப் போட்டிப் பேச்சுக்கு, "நாம் போதாதவர்கள் என்பதல்ல நமது ஆழ்ந்த பயம்" என்று மண்டேலா 1994 பதவியேற்பில் சொன்னதாகச் சேர்த்திருக்கிறீங்கள். அதை எடுத்துவிடுங்கோ. அந்த உரையில் அப்படி ஒரு வரியே இல்லை. அமெரிக்க எழுத்தாளர் மரியான் வில்லியம்சன் 1992இல் எழுதியது அது. நடுவருக்குத் தெரிந்தால் மிச்ச வரிகளையும் சந்தேகிப்பார், பிள்ளை பாவம்.

மண்டேலாதான் வேணுமெண்டால் 1994இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் இருக்கு: துணிவு பயமில்லாமை அல்ல, பயத்தை வெல்வது. செவிமடுத்தலைப் பற்றி மேற்கோள் வேணுமெண்டால் "செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்" என்ற குறள் 411 போதும். அந்தக் குறளின் விளக்கவுரையை 57ஆம் ஒழுங்கைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பார்க்கலாம்.

பெயரையும் ஆண்டையும் முதல் சொல்லி, மேற்கோள் முடிய ஒரு மூச்சு நிற்கச் சொல்லுங்கோ. நிற்காவிட்டால் மகளின் சொந்தச் சொல் எங்கே தொடங்குது என்று கேட்பவருக்கு விளங்காது.