நைந்த விரிப்பும் ஊசிநூலும்: கேள்வி பதில்

கேள்வி: படுக்கை விரிப்பின் நடுப்பகுதி மட்டும் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு நைந்துவிட்டது, ஓரங்கள் புதிதுபோல் இருக்கின்றன. இதைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் கிழிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். உடல் அழுந்திப் புரளும் இடமே முதலில் தேயும் என்பதால், விரிப்பை நீளவாக்கில் நடுவே இரண்டாக வெட்டி, இதுவரை ஓரங்களாக இருந்த இரு கரைகளையும் சேர்த்துத் தைத்தால், உறுதியான துணி நடுவுக்கும் நைந்தது ஓரத்துக்கும் வந்துவிடும். நெசவுக் கரை பிரியாது. எனவே ஒன்றன்மேல் ஒன்றை அரை சென்டிமீட்டர் ஏற்றி இரண்டு வரிசை தைத்தால் போதும், தையல் தட்டையாகப் படிந்து முதுகை உறுத்தாது. வெட்டிய பக்கங்களில் மிகவும் நைந்த பட்டையைக் கத்தரித்துவிட்டு, விளிம்பை இருமுறை மடித்துத் தையுங்கள். அகலம் சற்றுக் குறையும். மெத்தைக்கு அடியில் செருகும் பகுதிதான் அது. மூலைகளில் எலாஸ்டிக் வைத்த விரிப்புக்கு இந்த முறை ஒத்துவராது.

கேள்வி: ஓட்டை விழுந்த இடத்தில் டார்னிங் (நூலை நெசவுபோல் கோத்து ஓட்டையை அடைப்பது) செய்தேன். இரண்டே சலவையில் அதைச் சுற்றிக் கிழிந்துவிட்டது. ஏன்?

பதில்: நானும் தொடக்கத்தில் இதே தவற்றைச் செய்து, நன்றாயிருந்த மேசை விரிப்பொன்றில் சதுரமாக ஒரு சன்னல் திறந்தவன். நைந்த துணியைவிட வலுவான நூலை இட்டால், இழுப்பு முழுவதும் நூலின் மீது அல்லாமல் அதைப் பிடித்திருக்கும் துணியின் மீது விழுகிறது. ஆகவே துணியின் இழையை ஒத்த, அல்லது அதைவிட மெல்லிய பருத்தி நூலையே எடுங்கள். ஓட்டையின் விளிம்போடு நின்றுவிடாமல், எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது தாண்டி, உறுதியான துணியிலிருந்து தொடங்குங்கள். முதலில் பாவுபோல் நீளவாக்கில் இழைகளை இட்டு, பிறகு ஊடைபோல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் குறுக்கே கோத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்கி இழுக்காமல் சிறு வளையம் விட்டுவிட்டால், சலவையில் நூல் சுருங்கும்போது துணி சுருக்கம் விழாது.

கேள்வி: ஓட்டை பெரிதென்றால்?

பதில்: ஒட்டுப் போடுங்கள். ஒட்டுத்துணியை முன்பே துவைத்துச் சுருங்கவிட வேண்டும். அதன் பாவும் விரிப்பின் பாவும் ஒரே திசையில் அமைய வேண்டும்.

கேள்வி: துவாலையில் ஒரு நூல் வளையம் நீண்டு தொங்குகிறது. இழுத்துவிடலாமா?

பதில்: கூடாது. மற்ற வளையங்களின் உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். அடிநெசவு பிடித்திருப்பதால் துவாலை பிரியாது.

கேள்வி: புதிய விரிப்பைச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாமே. இரண்டு மாலைப் பொழுதைச் செலவிடுவது வீண் உழைப்பு அல்லவா?

பதில்: பணத்தை மட்டும் கணக்கிட்டால் நீங்கள் சொல்வது பல சமயம் சரியே, அதை மறுக்கமாட்டேன். ஆயினும் பலநூறு சலவைகளில் கஞ்சியும் முரட்டுத்தனமும் நீங்கி மென்மையான பருத்தி, கடையில் விற்கப்படுவதில்லை. அது உங்கள் வீட்டில்தான் உருவாகியிருக்கிறது. அதைவிட எனக்கு நிறைவு தருவது, ஊசி உள்ளே நுழையும்போது துணி தரும் சிறு எதிர்ப்பிலிருந்தே அது எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை விரல் கண்டுகொள்ளும் அந்தக் கணம். என் தையல்கள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கின்றன. மறைக்க முயல்வதை நிறுத்திய பிறகே வேலை இனிமையாயிற்று.

கேள்வி: கிழிந்ததைத் துவைத்துவிட்டுத் தைப்பதா, தைத்துவிட்டுத் துவைப்பதா?

பதில்: தைத்துவிட்டுத் துவையுங்கள். விரலளவு கிழிசல் சலவை இயந்திரத்தில் முழ நீளமாகிவிடும்.

கேள்வி: எப்போது கைவிட வேண்டும்?

பதில்: நன்றாயிருப்பதாகத் தோன்றும் இடத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அங்கேயும் கிழிந்தால், வெயிலோ வெளுப்பு மருந்தோ இழையையே அரித்துவிட்டது என்று பொருள். அதில் எந்தத் தையலும் நிற்காது. துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.