“இது எதுக்கு மிஸ்?” – கணக்கு வகுப்பு கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். √2, √3 என்று ஆரம்பித்தாலே “இது எதுக்கு மிஸ்?” என்கிறார்கள். கிரிக்கெட், செல்போன் எல்லாம் வைத்துக் கணக்கு எழுதிப் பார்த்தும் கொட்டாவி நிற்கவில்லை.

பதில்: சட்டையை மாற்றிப் போட்டு வந்திருப்பது அதே பழைய கணக்குதான் என்று இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் “எதுக்கு?” என்று கேட்கும் பிள்ளை பாதி நேரம் “புரியலை” என்பதைத்தான் கௌரவமாகச் சொல்கிறது. அதனால் பயன் தேடி அலையாதீர்கள், “அட, எப்படி?” என்று கேட்க வைக்கும் ஒன்றைத் தேடுங்கள்.

√2-க்கு ஆளுக்கு ஒரு ஏ4 தாள் போதும். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தின் மேல் படியும்படி ஒரு மூலையைச் சாய்வாக மடிக்கச் சொல்லுங்கள், காகிதத்திலிருந்து சதுரம் எடுப்போமே, அதே மடிப்புதான். இப்போது கேள்வி: இந்தச் சாய்ந்த மடிப்பு நீளமா, தாளின் நீளப் பக்கம் நீளமா? யாரும் வாய் திறப்பதற்கு முன் எல்லோரும் ஊகத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பெஞ்ச் சொல்வதுதான் வகுப்பு முழுவதின் ஊகம். அப்புறம் பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கி, அதன் நீளப் பக்கத்தை மடிப்பின் மேல் வைத்துப் பார்க்கட்டும். அச்சாகப் பொருந்தும்!

சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல √2 மடங்கு என்பதைப் பிதாகரஸ் தேற்றத்திலிருந்து அவர்களே எடுத்துவிடுவார்கள். தாளின் அளவு 210 மி.மீ., 297 மி.மீ.; வகுத்தால் ஏறக்குறைய 1.414. இந்த விகிதத்தை ஏன் வைத்தார்கள்? தாளைச் சரிபாதியாக வெட்டினாலும் வடிவம் மாறக் கூடாது. அகலம் 1, நீளம் x என்றால் பாதித் தாளின் பக்கங்கள் 1, x/2. இரண்டு விகிதமும் சமமாக இருக்க வேண்டுமானால் x² = 2, வேறு வழியே இல்லை. ஜெராக்ஸ் மெஷினில் ஏ4-ஐ ஏ3 ஆக்க 141% என்று காட்டுவதும் இதனால்தான். (முதல் தடவை நான் இதைச் செய்தபோது தாளைக் கொடுத்த கையோடு விடையையும் சொல்லித் தொலைத்தேன். பாதிப் பேர் ராக்கெட் செய்து பறக்கவிட்டார்கள்.)

கேள்வி: இப்படியே போனால் போர்ஷனை எப்போது முடிப்பது?

பதில்: தினமும் செய்யச் சொல்லவில்லை, பாடத்துக்கு ஒரு தடவை போதும். மற்ற நாட்களில் வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். 20% தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10% கொடுத்தால் மொத்தம் 30% தானே என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். 100-ல் ஆரம்பித்துப் போட்டுப் பார்த்தால் 72-ல் வந்து நிற்கும், அதாவது 28%. சூத்திரம் அதற்கு அப்புறம். கூடுதலாக ஆவது மூன்று நிமிடம்தான்.

கேள்வி: பகா எண்களுக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன உதாரணம் சொல்வது?

பதில்: வலிந்து எதுவும் சொல்ல வேண்டாம். 28-ஐ இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதச் சொல்லுங்கள்: 5 + 23, 11 + 17. 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டை எண்ணுக்கும் இது முடியுமா? முடியாத ஒன்றைப் பிடிக்க வகுப்பே கிளம்பிவிடும். 1742-ல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த கேள்வி இது, இன்றுவரை யாராலும் நிரூபிக்கவும் முடியவில்லை, தவறென்று காட்டவும் முடியவில்லை. அதை மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சொல்லுங்கள், முன்னாடியே சொன்னால் தேடுவதை விட்டுவிடுவார்கள்.